கைநரம்பா, ஸ்பின்னிங்கா, பெயிட்காஸ்டரா? ஏரிக்கும் கழிமுகத்துக்கும் தூண்டில் வாங்குவோருக்கு

தூண்டில் ஆசை வந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே அச்சில் இருக்கும். "கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது. ஒரு ஞாயிறு ஏரி, அடுத்த ஞாயிறு கோவளம் அல்லது பழவேற்காடு. எந்த ரீல் வாங்கலாம்?" கடைக்காரர் ஒன்று சொல்லியிருப்பார். காணொளி பார்த்த நண்பர் வேறொன்று சொல்லியிருப்பார். முகத்துவாரத்தில் நிற்கும் பெரியவரோ ரீலே வேண்டாம் என்றிருப்பார். மூவர் சொன்னதும் உண்மைதான். அவரவர் நிற்கும் தண்ணீரை வைத்துச் சொல்கிறார்கள்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: எந்தத் தண்ணீரில் நிற்கப் போகிறீர்கள்? பதிலாகப் பெரும்பாலும் மீனின் பெயர் வரும். விரால் என்பார்கள், கொடுவா என்பார்கள். மீனை மட்டும் நினைத்துத் தூண்டில் வாங்குகிறவர்கள்தான் ஆறு மாதத்தில் இரண்டாவது முறை பணம் செலவழிக்கிறார்கள். மூன்று கிலோ கொடுவா திறந்த மணல் தரையில் கடித்தால் 15 பவுண்ட் (அறுபடாமல் நூல் தாங்கும் எடை) நூலிலேயே நிதானமாகக் கரையேற்றலாம். அதே மீன் பாலத்தூண் அடியில் கடித்தால் 40 பவுண்ட் நூலும் சிப்பியில் உரசி அறுந்துபோகும். மீன் ஒன்றுதான், அது ஓடி ஒளியும் இடம் வேறு.

## எவற்றை வைத்து அளப்பது

முதலாவது, தண்ணீருக்குள் என்ன இருக்கிறது. தாமரை, ஆகாயத்தாமரை, கோரை, முள்மரம் மூழ்கிய ஏரி என்றால் மீனை ஓடவிடக் கூடாது. கடித்த கணத்தில் திருப்பி இழுக்க வேண்டும். மணலும் சேறுமாகத் திறந்து கிடக்கும் கழிமுகத்தில் மீனை ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம். பாலத்தூண், கருங்கல் கரை, சிப்பிப் படுகை ஆகியவற்றில் நூல் எவ்வளவு பலமானது என்பதைவிட எவ்வளவு உரசல் தாங்கும் என்பதே முக்கியம்.

இரண்டாவது, எவ்வளவு கனமான இரையை எவ்வளவு தூரம் எறியப் போகிறீர்கள், காற்று எந்தப் பக்கம். நம் கிழக்குக் கரையில் வெயில் காலத்தில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று கரை நோக்கி வீசும். மாலையில் முகத்துவாரத்தில் நிற்பவர் முகத்துக்கு நேரே காற்றை வாங்கிக்கொண்டுதான் எறிகிறார்.

மூன்றாவது உப்பு. நான்காவது, கை எவ்வளவு நாளில் பழகும் என்பது. ஐந்தாவதைக் கடையில் யாரும் சொல்வதில்லை: எப்படிப் போகப் போகிறீர்கள்? பஸ்ஸில் போகிறவருக்கு ஏழடி ஒற்றைத் துண்டு ராட் (ரீல் மாட்டும் கழி) ஒவ்வொரு பயணத்திலும் தலைவலி. கடைசியாகச் செலவு. பெட்டியில் ஒட்டிய விலையோடு, முதல் ஓராண்டில் நூலுக்கும் முள்ளுக்கும் தொலைந்துபோகும் லூர்களுக்கும் (செயற்கை இரைகள்) ஆகும் தொகையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

## கைநரம்பும் மூங்கில் கழியும்

ரீல் வாங்காமலே மீன் பிடிக்கலாம் என்பதைப் புதியவர்கள் நம்புவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கோவளம் மணல்திட்டில் ஒரு பெரியவரின் அருகில் நின்றிருந்தேன். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் வாய் திறந்து, உள்ளேயிருந்த கலங்கல் நீர் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த நாள். தண்ணீர் போத்தலில் சுற்றிய தடித்த நரம்பு, ஓர் ஈயக்குண்டு, ஒரு முள், உயிரோடு ஒரு மடவைக் குஞ்சு. ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபை வெட்டி உறைபோல மாட்டியிருந்தார். கடி விழுந்ததும் நரம்பு அந்த ரப்பர்மேல் சர்ரென்று ஓடியது. அவர் பிடிக்கவில்லை, விரலை மெல்ல மடக்கினார், அவ்வளவுதான். மீன் நின்றபோது இரண்டு பாகம் இழுத்தார், ஓடியபோது விட்டார். அருகில் பதறிக்கொண்டிருந்த என்னிடம், "தம்பி, அது போகட்டும், எங்கே போகும்?" என்றார். கால் மணி நேரத்தில் நான்கு கிலோவுக்குக் குறையாத கொடுவா மணலில் கிடந்தது. பின்னாளில் ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூல் எவ்வளவு இறுக்கத்தில் வெளியே போக வேண்டும் என்பதை வைக்கும் அமைப்பை, திருகும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வரும். டிராக் செய்கிற வேலை அந்த விரல் மடக்கியதுதான்.

கைநரம்பின் பலம் இதுவே. கடியை நேரடியாக விரலில் உணரலாம். உப்பில் கெட இயந்திரம் எதுவும் இல்லை. இருநூறு முந்நூறு ரூபாயில் முடிந்துவிடும். படகின் ஓரத்திலிருந்து, பாலத்திலிருந்து, ஆழமான மதகின் அருகிலிருந்து நேராக இறக்கிப் பிடிப்பதற்கு இன்றும் இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஏரியில் இதன் இணை மூங்கில் கழி. பத்துப் பன்னிரண்டடிக் கழி, கழி நீளத்துக்கே நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, சின்ன முள், மண்புழு. ஜிலேபிக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது. இன்று ஜிலேபி இல்லாத குட்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் தூண்டில் வாங்குகிறீர்கள் என்றால் ரீல் பக்கம் போகவே வேண்டாம். தக்கை துடிப்பதையும் அமிழ்வதையும் பார்த்துப் பழகிய கண், பிற்காலத்தில் எந்தத் தூண்டிலிலும் உதவும்.

மறைந்த விலையும் உண்டு. தடித்த நரம்பு விரலை அறுத்துவிடும். ரப்பர் உறையோ துணியோ இல்லாமல் பிடிக்காதீர்கள். எந்தக் காரணத்துக்கும் நரம்பைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். லூர் போட்டு ஆட்டுவதற்குக் கைநரம்பு சரிவராது, உயிர் இரை வேண்டும். உயிர் இரை தேடுவதிலேயே காலைப் பொழுதில் பாதி போய்விடும். பின்னால் ஆள் நிற்கும் இடத்தில் ஈயத்தைச் சுழற்றி எறிவதும் ஆபத்து.

## ஸ்பின்னிங் ரீல்

நூல்சுருள் அசையாமல் நிற்க, அதன் முனையைத் தாண்டி நூல் வளையம் வளையமாகக் கழன்று ஓடுகிற அமைப்பு. இங்கிலாந்தில் ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடிப்படை இன்றும் அதுவேதான். சுருள் சுழலாததால் எறியும்போது சிக்கு விழுவது குறைவு, லேசான இரையும் தூரம் போகும், எதிர்காற்றிலும் சமாளிக்கலாம். முதல் நாள் காலையில் கற்றுக்கொண்டு அன்று மாலையே மீன் பிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேட்பவர் பத்துப் பேர் என்றால் எட்டுப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். ஏரிக்கும் கழிமுகத்துக்கும் ஒரே செட் என்பவர்கள் 3000 அல்லது 4000 அளவு ரீல் (எண் கூடக் கூட ரீல் பெரியது), ஏழரை அடி அல்லது எட்டடி இரண்டு துண்டு ராட், 10 முதல் 30 கிராம் வரை எறியக்கூடியது என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கலாம். 2500 அளவு ஏரிக்குப் போதும், ஆனால் கழிமுகத்தில் நூல் கொள்ளளவு குறைவாகத் தோன்றும். 6000 வாங்கினால் நாள் முழுவதும் எறிந்து தோள்பட்டை வலிக்கும்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்ற கவலையும் இல்லை. பெரும்பாலான ஸ்பின்னிங் ரீல்களில் கழற்றி மாற்றிக்கொள்ளலாம்.

இதிலும் பிடிக்காத விஷயங்கள் இருக்கின்றன. நூல் முறுக்கேறுவது பெரிய தொல்லை. எறிந்த பிறகு, நூலைச் சுருளில் சுற்ற வழிகாட்டும் கம்பி வளையத்தைக் கையால் மூடி, நூலை ஒரு முறை இழுத்து இறுக்கிவிட்டுச் சுற்றத் தொடங்குங்கள். டிராக் வழுக்கி நூல் வெளியே போய்க்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். மீன் ஓர் அங்குலம்கூட அருகில் வராது, நூல்தான் கயிறுபோல முறுக்கிக்கொள்ளும். பிரெய்ட் (பல இழைகளைப் பின்னிச் செய்த) நூல் வழுவழுப்பான சுருளில் மொத்தமாக வழுக்கிச் சுழலும் என்பதால், அடியில் சில சுற்று நைலான் நரம்பு போட்டு அதன் மேல் பிரெய்டைச் சுற்ற வேண்டும். கடையில் சுற்றித் தரச் சொன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

டிராக் பற்றி ஒரு சொல். பலர் அதை இறுக்கித் திருகிவிட்டு, பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்பார்கள். நூலின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 20 பவுண்ட் நூல் என்பது சுமார் ஒன்பது கிலோ. அதற்கு இரண்டேகால் முதல் மூன்று கிலோ. காய்கறிக் கடையில் இருக்குமே, அதுபோன்ற சின்னத் தொங்கு தராசை நூல் முனையில் மாட்டி ஒருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று கிலோ இழுவை என்பது ராட் வளைந்த நிலையில் எவ்வளவு அதிகம் என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

உப்புத் தண்ணீரில் போய் வந்தால் அன்றிரவே கழுவ வேண்டும். டிராக் திருகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவி, துடைத்து உலர்த்தி, பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். வாளியில் முக்கி எடுக்காதீர்கள். வெளியே இருக்கும் உப்பும் மணலும் உள்ளே போய்விடும். நான் முதலில் வாங்கிய ரீலை இரண்டு வாரம் பையிலேயே விட்டுவிட்டேன். எடுத்துச் சுற்றியபோது காபிக்கொட்டை அரைக்கும் சத்தம் கேட்டது.

## பெயிட்காஸ்டர்

இதில் சுருளே சுழன்று நூலை விடுகிறது. கட்டைவிரல் சுருளின் மேல் இருக்கும். இரை போய் விழ வேண்டிய இடத்துக்கு மேலே வரும்போது விரலை அழுத்தினால் அங்கேயே நிற்கும். இந்தத் துல்லியத்துக்காகவும், மீனை ஓடவிடாமல் நேராகச் சுருட்டி இழுக்கும் வலுவுக்காகவும் தான் இதை விரும்புகிறார்கள்.

விரால் ஏரியில் இதன் அருமை தெரியும். மதுராந்தகம் பக்கத்து ஏரி ஒன்றில், தாமரை இலைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓர் இடைவெளி. விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். அந்த இடைவெளியில் ஒரு குமிழி வந்து உடைந்தது. ரப்பர் தவளையை அதற்கு இரண்டு முழம் அப்பால் இலைமேல் விழவிட்டு, மெல்ல இழுத்து இடைவெளியில் இறக்கினேன். ஒரு நொடி எதுவுமில்லை. பிறகு தண்ணீர் வெடித்தது. இங்கேதான் எல்லாரும் தவறு செய்வார்கள், சத்தம் கேட்டதும் வெட்டி இழுத்துவிடுவார்கள். நூலில் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு முழு பலத்தோடு இழுக்க வேண்டும். இழுத்த மறுகணம் மீனின் தலை இலைமேல் ஏறியாக வேண்டும். தண்டுக்கிடையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போயிற்று. 50 பவுண்ட் பிரெய்ட், விறைப்பான ஏழடி ராட், இந்த ரீல் மூன்றும் சேர்ந்தால் இலையும் தண்டுமாக மீனை வாரிக்கொண்டு வரலாம்.

ஆனால் இதைப் பழக எனக்கு முழுதாக இரண்டு மாதம் பிடித்தது. இரை வேகம் குறைந்த பின்னும் சுருள் சுழன்றுகொண்டே இருந்தால் நூல் பொங்கிச் சிக்கிக்கொள்ளும். சில சிக்கைப் பொறுமையாக எடுக்கலாம். சிலவற்றைக் கத்தியால்தான் எடுக்க வேண்டும், அதோடு முப்பது நாற்பது மீட்டர் பிரெய்ட் போய்விடும். எதிர்காற்றில் இது இரட்டிப்பாகும். பத்து கிராமுக்குக் குறைந்த லேசான லூரை மலிவான பெயிட்காஸ்டரில் எறிவது வீண் போராட்டம். லேசான இரைக்கென்று தனியாகச் செய்த ரீல்கள் உண்டு, அவற்றின் விலை வேறு. கைப்பிடி இடமா வலமா என்பதை வாங்கும்போதே முடிவுசெய்ய வேண்டும், பிறகு மாற்ற முடியாது. சுருளுக்கு முன்னால் நூலை இடவலமாகப் பரப்பும் சின்ன திருகுத் தண்டில் உப்பும் மணலும் ஏறினால் முதலில் அதுதான் இறுகும். இதற்கான ராட்களில் பல ஒற்றைத் துண்டு, பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க.

## ஒரே பார்வையில்

| | கைநரம்பு / கழி | ஸ்பின்னிங் | பெயிட்காஸ்டர் |
|---|---|---|---|
| பழகும் காலம் | ஒரு நாள். கைநரம்பில் பெரிய மீனுக்கு ஆண்டுகள் | ஓரிரு நாள் | வாரங்கள், மாதங்கள் |
| லேசான இரை | கழியில் மிக நன்று | நன்று | கடினம் |
| எதிர்காற்று | கனமான ஈயம் வேண்டும் | சமாளிக்கும் | சிக்கு விழும் |
| தாமரை, கோரை | சரிவராது | கனமான நூலோடு முடியும் | மிக நன்று |
| உப்புத் தாங்குவது | கவலையில்லை | கழுவினால் போதும் | அதிகப் பராமரிப்பு |
| பஸ் பயணம் | மிக எளிது | எளிது | ராடைப் பொறுத்தது |

மடக்குக் குடைபோல உள்ளடங்கும் ராடும் ரீலும் லூர் பெட்டியும் சேர்த்து ஒரே பையில் விற்கும் மலிவு செட்டை இந்த அட்டவணையில் சேர்க்கவில்லை. நான் வாங்கிய அப்படியொரு செட், இரண்டு கிலோ கெளுத்தி இழுத்ததில் நடு இணைப்பில் முறிந்தது. பயணத்துக்குச் சிறியதாக வேண்டுமென்றால் மூன்று நான்கு துண்டுகளாகச் செருகும் ராட் வாங்குங்கள்.

## நூலும் லீடரும்: பணம் உண்மையில் போகுமிடம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் மீனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருப்பது நூல்தான். பிரெய்ட் மெல்லியது, நீளாது, கடி பளிச்சென்று தெரியும். ஆனால் சிப்பியிலும் கல்லிலும் உரசினால் நொடியில் அறும். நைலான் நரம்பு ரப்பர்போல் சற்று நீளும், உரசலும் ஓரளவு தாங்கும். அதனால்தான் கழிமுகத்தில் பிரெய்ட் முனையில் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தடித்த நைலானோ ஃபுளோரோகார்பனோ லீடராகக் கட்டுகிறோம். கொடுவாவின் வாய் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, செவுள் மூடியின் விளிம்போ கத்தி. 30 முதல் 40 பவுண்ட் லீடர் இல்லாமல் அதன் முன் நிற்காதீர்கள். கூரிய பல்லுள்ள சீலா மீன் இருக்கும் இடத்தில் அதுவும் போதாது, ஒரு சாண் கம்பி வேண்டும். ஏரியில் தவளை போடும்போது லீடரே வேண்டாம், தடித்த பிரெய்டை நேராகக் கட்டலாம்.

மலிவான பிரெய்ட் பெட்டிகளில் எழுதியிருக்கும் பவுண்ட் கணக்கை அப்படியே நம்பிவிட வேண்டாம். தடிமனையும் பார்த்து ஒப்பிடுங்கள்.

என் கணக்கு நோட்டில் முதல் ஸ்பின்னிங் ஆண்டைப் பார்த்தேன். ரீலும் ராடும் சேர்த்து 3,800 ரூபாய். நூல், லீடர், முள், பாலத்தடியில் விட்டுவந்த லூர்கள் எல்லாம் சேர்த்து 5,100. ரீலுக்கு மொத்தப் பணத்தையும் கொடுத்துவிட்டு மட்டமான நூலைச் சுற்றுவதைவிட, ரீலை ஒரு படி இறக்கி நூலை ஒரு படி ஏற்றுவது நல்லது. லூரோடு வரும் மும்முட்கள் உப்பில் இரண்டு மூன்று பயணத்தில் துருப்பிடிக்கும்; மாற்று முள்ளுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள். அறுந்த நரம்பைக் கரையில் போடாமல் எடுத்துவாருங்கள். காலில் நரம்பு சுற்றி நொண்டும் கொக்கை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

## யாருக்கு எது

வாரம் ஒரு நாள், கழிமுகமும் ஏரியும் கலந்து, பஸ்ஸில் அல்லது இருசக்கர வண்டியில் போகிறவருக்கு ஸ்பின்னிங். கழிமுகத்துக்கு 20 பவுண்ட் பிரெய்ட் சுற்றிய சுருள் ஒன்று, ஏரிக்கு 40 பவுண்ட் சுற்றிய மாற்றுச் சுருள் ஒன்று. இதில் விராலும் வரும். பெயிட்காஸ்டர் அளவுக்குத் துல்லியம் இருக்காது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு அருகே தாமரை மண்டிய ஏரி இருந்து, பெரும்பாலும் விராலுக்கே போகிறவர் என்றால் நேராகப் பெயிட்காஸ்டருக்குப் போகலாம். இரண்டு மாதம் காலியான மைதானத்தில் எறிந்து பழகும் பொறுமை இருக்க வேண்டும். படகில் போகிறவர், மதகடியில் நிற்பவர், பிள்ளைகளோடு போகிறவர், செலவு செய்ய மனமில்லாதவர் எல்லாருக்கும் கைநரம்பும் கழியும். இதைக் குறைவானதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

எந்தத் தூண்டிலானாலும் இரண்டு விஷயம். ஏரிகளில் மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரைக் கேட்காமல் நூலை எறிவது அவர் வயிற்றில் கை வைப்பது. வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் தூண்டிலோடு போகவே கூடாது. அடுத்தது, மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொதிப்பதுபோல் தெரிந்தால் அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. கோபத்தில் எதையும் கடிக்கும், பிடிப்பது எளிது. பிடித்துவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். கொடுவாவிலும் பெரியவற்றைத் திரும்ப விடுங்கள் என்று வேண்டிக் கேட்கிறேன். அது ஆணாக வளர்ந்து பின்னர் பெண்ணாக மாறும் மீன், ஆகவே பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், கடைக்குப் போகும் முன் இருநூறு ரூபாய்க்கு நரம்பும் ஓர் ஈயக்குண்டும் வாங்குங்கள். முள் கட்ட வேண்டாம். நீங்கள் நிற்கப் போகும் இடத்தில் எறிந்து, தரையோடு தரையாக மெல்ல இழுத்து வாருங்கள். மணல் என்றால் வழுக்கிக்கொண்டு வரும். சேறு என்றால் உறிஞ்சிப் பிடித்து, விட்டு விட்டு வரும். சிப்பியும் கல்லும் என்றால் விரலில் டிக் டிக்கென்று தட்டும். கொடி என்றால் கனத்து, விடாமல் இழுக்கும். பத்து இடத்தில் எறிந்து பார்த்த பிறகு கடைக்காரரிடம் போய் எதைக் கேட்க வேண்டும் என்பது உங்கள் விரலுக்கே தெரிந்திருக்கும்.